சாம்பார் பார்சலும் என் வாய் நாத்தமும்

போன மாசம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில நாலு இட்லி பார்சல் வாங்குனேன். கவுண்டர்ல இருந்த தம்பி இட்லிய ஒரு டப்பாவுல போட்டாரு, சாம்பார இன்னொரு டப்பாவுல ஊத்துனாரு, மூடிய ஒரு அமுக்கு அமுக்கி நீட்டிட்டாரு. நூல் இல்ல, முடிச்சு இல்ல.

"அவ்ளோதானா தம்பி?"ன்னேன்.

"வேற என்ன பெருசு, பூ வச்சு அனுப்பணுமா?"ன்னாரு.

கல்லாவுல இருந்த கேஷியருக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சிருச்சு. "டேய், இவரு சிறுவாச்சூர் ரோட்டுக் கடையில பார்சல் மாஸ்டரா இருந்தவருடா. கவர்ல சாம்பார் கட்டி தலைகீழா தொங்க விடுவாரு, ஒரு சொட்டு எறங்காது"ன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அதையெல்லாம் சொல்லுங்கண்ணே, நம்ம ஓட்டல் தொழிலாளர் மலர்ல போடுவோம்"னாரு. நான் படிச்சது மூணாப்பு. அதுலயும் ரெண்டாப்ப ரெண்டு தடவ படிச்சேன். அதனால நான் பேசுறேன், அவரு எழுதுறாரு. எழுத்துல தப்பு இருந்தா அவரப் புடிங்க, பேச்சுல தப்பு இருந்தா என்னையப் புடிங்க.

சொந்த ஊரு அரியலூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில கல்லு ஒடைச்சாரு. என்னையும் கூட்டிட்டுப் போனாரு. ஒரு நாள் போனேன், வெயிலப் பாத்தேன், மறுநாளே அரியலூர் ரயிலடிகிட்ட ஒரு ஓட்டல்ல மேச தொடைக்க நின்னுட்டேன். மேச தொடைக்கிறப்ப டம்ளர தட்டி வுட்டேன், எலை எடுக்கப் போட்டாங்க. எலை எடுக்கிறப்ப ஒரு பெரியவரு இன்னும் சாப்புட்டுக்கிட்டு இருக்கிற எலைய எடுத்துட்டேன், தண்ணி வைக்கப் போட்டாங்க. தண்ணிய எங்க ஊத்துனேங்கிறது வேணாம். "இவன மனுசங்க உக்காந்து சாப்புடுற எடத்துலயே விடக்கூடாது"ன்னு சொல்லித்தான் பார்சல்ல போட்டாங்க. என் பதவி உயர்வெல்லாம் அப்புடி வந்ததுதான்.

தொண்ணூத்தஞ்சுல சிறுவாச்சூர் ரோட்டுக் கடைக்கு வந்தேன். அங்க கோயில் திங்கக் கெழமையும் வெள்ளிக் கெழமையும்தான் தொறக்கும். மத்த நாள்ல லாரிக்காரங்க நாலு பேரு வருவாங்க. அந்த ரெண்டு நாள்ல மட்டும் பார்சல் மேசைக்கு முன்னாடி நிக்கிற கூட்டத்தப் பாத்தா எனக்கே சாமி வந்துரும்.

பார்சல் கட்டுறதுன்னா என்னன்னு இப்ப உள்ளவங்களுக்குத் தெரியாது, சொல்றேன். கீழ பேப்பர், மேல வாழையெல, எல மேல இட்லி. எல பேப்பர விடப் பெருசா இருக்கணும். எல சின்னதாப் போச்சுன்னா இட்லி பேப்பர்ல ஒட்டி, அதுல உள்ள மை இட்லில ஏறிரும். வெள்ளிக்கெழமை கூட்டத்துல எல பத்தாம நானும் அப்புடிக் கட்டிருக்கேன். கல்யாண வூட்டுக்காரங்க ஒரு தடவ திரும்பி வந்துட்டாங்க. பிரிச்சுப் பாத்தா இட்லி மேல ஒரு பெரியவரு படம் தலைகீழா விழுந்து கெடக்கு, கீழ கண்ணீர் அஞ்சலி. எனக்குப் படிக்க வந்திருந்தா விளையாட்டுச் செய்தியா பாத்துக் கட்டிருப்பேன்.

சாம்பாருக்குத்தான் வேல ஜாஸ்தி. கவர் கட்டா ஆணியில தொங்கும். நூல்கண்டு தலைக்கு மேல கொக்கியில தொங்கும். கவர ஒண்ணு உருவணும், வெரல்ல தேய்ச்சு வாயப் பிரிக்கணும், பிரியாது, ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்ப உள்ளார ஒரு ஊது ஊதுனா பொம்முனு விரியும். எடது கையில புடிச்சுக்கிட்டு வலது கையால ஒரு கரண்டி சாம்பார். மேல கொஞ்சம் காத்து விட்டு கழுத்த முறுக்கி, மூணு சுத்து நூல் சுத்தி வெடுக்குனு இழுத்தா நூல் அறுந்துரும், முடிச்சு நின்னுரும். காத்து கொறைஞ்சா பஸ்ஸுல போறவரு மடியில வெடிக்கும். காத்து கூடுனா மொதலாளி, "முருகேசா, காத்தையா விக்கிறோம்"னு கேப்பாரு.

மொதலாளிய பத்திச் சொல்லணும். அவரு சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. கோவம் வர வர கொரல் எறங்கும். சாதாரணமா பேசுனா ரோட்டுக்கு அந்தாண்ட கேக்கும். கொஞ்சம் கோவம்னா பக்கத்து மேசைக்குக் கேக்கும். ரொம்பக் கோவம்னா நாம குனிஞ்சு, அவரு வாய்கிட்ட காதக் கொண்டு போயி திட்டு வாங்கிக்கணும். ஒரு சப்ளையர வேலைய விட்டு நிறுத்துனாரு, அவனுக்குக் கேக்கல. மறுநாளும் வந்து வேல பாத்தான். மொதலாளிக்கு அதுக்கு மேல கொரல் எறங்க எடம் இல்லாததால அவன அப்புடியே விட்டுட்டாரு.

தொண்ணூத்தெட்டு வாக்குல நடந்த கதைதான் நான் சொல்ல வந்தது. அப்ப எனக்கு முப்பத்திமூணு வயசு. பொண்ணு குடுக்க ஆள் இல்ல. எங்க கடைக்குச் சின்ன வெங்காயம் போடுறவரு குரும்பலூர்க்காரரு, ராமலிங்கம்னு பேரு. அவருக்குத் தனலட்சுமின்னு ஒரு மக. நான் வெங்காய மூட்டைய எறக்கி வைக்கிற பாங்கப் பாத்துட்டு அவரே வந்து பேசுனாரு. மூட்டைய கீழ போடாம எறக்குனது என் வாழ்க்கையில அந்த ஒரு தடவதான். தட்டு மாத்திக்கிட்டோம். தம்பின்னு கூப்புட்டவரு மாப்ளன்னு கூப்புட ஆரம்பிச்சாரு.

அந்த நேரம் பாத்து பார்சல் சாம்பார்ல நாத்தம்னு புகாரு வந்துச்சு.

உக்காந்து சாப்புடுறவங்களுக்கு ஒண்ணுமில்ல, எலைய வழிச்சுத் தின்னுட்டுப் போறாங்க. பார்சல் வாங்கிட்டுப் போறவங்க மட்டும் திரும்பி வந்து, "என்னய்யா சாம்பாரு, வயலுக்கு அடிக்கிற மருந்து மாதிரி நாறுது"ங்கிறாங்க. சாம்பார் வைக்கிற சரக்கு மாஸ்டர் கோவிந்தன் கரண்டியோட வெளிய வந்துட்டாரு. சாம்பாரக் கொற சொன்னா அவருக்குத் தாய் தகப்பனச் சொன்ன மாதிரி. வாளியில இருந்து ஒரு கரண்டி மொண்டு குடிச்சாரு, மொதலாளிக்கும் குடுத்தாரு. ரெண்டு பேரும் நாக்கச் சப்புனாங்க. ஒரு கொறையும் இல்ல.

"சட்டியில இல்ல, வாளியிலயும் இல்ல"ன்னாரு மாஸ்டர். "அப்ப நடுவுல எங்க வருது?"

நடுவுல நான்தான் நிக்கிறேன். கையில ஊதி வச்ச கவர்.

எல்லாரும் என் வாயப் பாத்தாங்க.

"டேய் முருகேசு, ஒவ்வொரு கவர்லயும் நீ ஊதுற ஊதுல என் சாம்பாரு செத்துப் போவுதுடா"ன்னாரு மாஸ்டர்.

மொதலாளி என்னையக் கிட்டக் கூப்புட்டாரு. குனிஞ்சேன். குனியிற அளவு கோவம்னு அப்பவே தெரிஞ்சுருச்சு. "இனிமே ஊதாத"ன்னாரு.

சொல்றது சுலபம். திங்கக்கெழமை காலையில, கோயில் கூட்டம் மொத்தமும் பஸ்ஸப் புடிக்கணும்னு கையில டோக்கன நீட்டிக்கிட்டு நிக்கிறப்ப ஊதாம கவர் பிரிச்சுப் பாருங்க. வெரல எச்சில் பண்ணிப் பிரிக்கலாம், அது அத விடக் கேவலம். ஒரு பத்து கவர் தேய்ச்சுத் தேய்ச்சுப் பிரிச்சேன். அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு ஊதுனேன். திரும்புறது எதுக்குன்னு கூட்டத்துக்குத் தெரியாதா? "அந்தாளு திரும்பி நின்னு என்னமோ பண்றான்யா"ன்னு அது ஒரு புதுப் புகாரா போச்சு.

கடவாய்ப் பல்லு ஒண்ணு எனக்குக் கூச்சம் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அதுதான் நாறுதுன்னு நானே முடிவு பண்ணி பெரம்பலூர்ல பல் டாக்டர்கிட்ட போனேன். அவரு லைட்டப் போட்டுப் பாத்துட்டு, "பல்லு நல்லாத்தான இருக்கு"ன்னாரு. "இல்லைங்க சார், புடுங்கிருங்க, என் கல்யாணம் அதுலதான் நிக்குது"ன்னேன். வேணாம்னு எவ்வளவோ சொன்னாரு. நான் எந்திரிக்கல. கடைசில வெளிய உக்காந்திருந்தவங்க சண்டைக்கு வரவும் புடுங்கிட்டாரு. கன்னம் வீங்கி கடைக்கு வந்து கட்டுனேன். அன்னைக்கும் சாம்பாரு நாறுச்சு.

"பல்லுல இல்லடா, வயித்துல இருந்து வருது"ன்னு மாஸ்டர் எடத்த மாத்துனாரு. அரும்பாவூர் பக்கத்துல ஒரு வைத்தியரச் சொன்னாங்க. அவரு ஒரு கசாயம் குடுத்தாரு. என்ன வேருன்னு கேக்கல, கேட்டிருந்தா குடிச்சிருக்க மாட்டேன். தெனம் காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர். குடிச்சுட்டு வந்தா பக்கத்து சைக்கிள் கடைக்காரரு நாய் கூட என்னையப் பாத்துக் கொலைக்காது, எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிரும்.

இதெல்லாம் நடக்குறப்ப வெங்காயக்காரரு வாராவாரம் வந்துக்கிட்டுத்தான் இருந்தாரு. கடைக்குள்ள பேசுறது அவரு காதுல விழாம இருக்குமா? மாப்ளன்னு கூப்புட்டவரு ஒரு வாரம் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. அடுத்த வாரம் மறுபடி தம்பி ஆயிட்டேன். அதுக்கு அடுத்த வாரம் மூட்டைய அவரே எறக்கி வச்சாரு.

"மாமா, என்னங்க மாமா?"ன்னு கூடவே ஓடுனேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. பொண்ணு வேணாங்குது. வாழ்நாள் பூரா பக்கத்துல இருக்கப் போறது அதுதான, நான் என்னத்தச் சொல்றது? இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை தட்டத் திருப்பி அனுப்பிடுறோம்"னாரு. அதையும் ரெண்டடி தள்ளி நின்னுதான் சொன்னாரு.

கேலி கிண்டல் பண்ணிக்கிட்டுத் திரியிற ஆளு நான். அன்னைக்குப் பார்சல் மேசைக்குக் கீழ உக்காந்து கொஞ்ச நேரம் எந்திரிக்கல. நூல் கீழ விழுந்துருச்சு, தேடுறேன்னு சொல்லிக்கிட்டேன்.

ஆரோக்கியமேரி டீச்சர்னு ஒருத்தவங்க எங்க கடைக்கு வாடிக்க. ஏலாக்குறிச்சிக்காரங்க, இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல மூணாப்புக்குப் பாடம் எடுத்தாங்க. நான் விட்டுட்டு ஓடுன அதே மூணாப்பு. தெனம் தூக்குவாளி எடுத்தாந்து சாம்பார் வாங்கிட்டுப் போவாங்க. ஒரு நாள் தூக்குவாளிய மறந்துட்டு வந்து, கவர்ல வாங்கிட்டுப் போனாங்க. மறுநாள் காலையில நேரா என் மேசைக்கு வந்து நின்னாங்க.

"முருகேசன், நேத்து சாம்பார்ல ஒரு நாத்தம். என் தூக்குல வாங்குறப்ப வந்ததே இல்லையே."

"உங்க தூக்குல நான் ஊத மாட்டேங்க டீச்சர்"ன்னேன். நானே எனக்கு எதிரா சாட்சி சொல்ற ஆளு.

டீச்சர் யோசிச்சாங்க. "தூக்குல ஊதலன்னு சொல்றது சரி. ஆனா தூக்குல கவரும் இல்லல்ல?"

எனக்கு அது மண்டையில ஏறல. மாஸ்டருக்கும் ஏறல. டீச்சர் எங்கள மூணாப்பு மாதிரி வரிசையா நிக்க வச்சுட்டாங்க. மொதலாளியையும் கல்லாவுல இருந்து எழுப்பிட்டாங்க. வெங்காயக்காரரு அன்னைக்கு மூட்டையோட வந்திருந்தாரு, அவரையும் "நீங்களும் நில்லுங்க"ன்னுட்டாங்க. அவரும் தோள்ல மூட்டையோட நின்னாரு, எறக்கணும்னு தோணல.

"சாம்பார் வேணாம். வெறும் வெந்நி கொண்டாங்க"ன்னாங்க. மாஸ்டர் கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்தாரு.

ஒரு செவப்புக் கவர டீச்சரே வெரலால பொறுமையாப் பிரிச்சாங்க. ஊதல. அதுல வெந்நி ஊத்தி என்னையக் கட்டச் சொன்னாங்க. அப்புறம் அவங்க தூக்கு மூடியத் தொறந்து, "இதுல நல்லா ஊதுங்க முருகேசன்"னாங்க.

"வேணாங்க டீச்சர், நாளைக்கு நீங்க இதுல சாப்புடணும்."

"கழுவிக்கிறேன், ஊதுங்க."

கசாயம் குடிச்ச வாயால, பல்லு போன ஓட்ட வழியா, என் கல்யாணத்த நெனச்சு ஊதுனேன் பாருங்க, மொதலாளி கைய வச்சு மூக்க மூடிக்கிட்டாரு. அதுலயும் வெந்நி ஊத்தி மூடி வச்சாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். உள்ளார வந்த வாடிக்கக்காரங்க, ஏதோ துக்கம்னு நெனச்சு சத்தமில்லாம உக்காந்தாங்க.

கவரப் பிரிச்சு ஒரு டம்ளர்ல ஊத்துனாங்க. தண்ணி லேசா ரோஸ் கலர்ல இருந்துச்சு. தூக்குத் தண்ணிய இன்னொரு டம்ளர்ல ஊத்துனாங்க. அது தண்ணி கலர்லயே இருந்துச்சு. மொதலாளிகிட்ட ரெண்டையும் நீட்டுனாங்க. அவரு கவர்த் தண்ணிய மூக்குகிட்டக் கொண்டு போனாரு, மொகம் கோணிப் போச்சு. தூக்குத் தண்ணிய ரொம்ப நேரம் மோந்து பாத்தாரு, ஒரு வாய் குடிச்சும் பாத்தாரு. நான் ஊதுன தண்ணிய என் மொதலாளி குடிச்சத நெனச்சா இப்பவும் எனக்குக் கொஞ்சம் பெருமதான்.

"ஒண்ணுமில்ல"ன்னாரு. கொரல் எங்களுக்குக் கேக்கல. ஒதட்ட வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

"எனக்கும் முழுசாத் தெரியாது"ன்னாங்க டீச்சர். "ஆனா வெந்நில டீத்தூள் எறங்கலையா? அது மாதிரி சூடு பட்டா கவர்ல இருக்கிறதும் எறங்குது போல. சாம்பார்ல எண்ணெய், புளி எல்லாம் வேற இருக்கு."

ஏன் திடீர்னுன்னு யோசிச்சா வெவரம் புரிஞ்சுது. மின்ன எங்க கடையில வெள்ளக் கவர்தான். அந்த வருசம்தான் மொதலாளி, மலிவா இருக்குன்னு கலர்க் கவருக்கு மாறுனாரு. செவப்பு, நீலம், கருப்புன்னு கட்டுக் கட்டா வாங்கிப் பரண்ல அடுக்கி வச்சிருந்தாரு. கவர் போடுறவரு செல்வராசு மொபெட்டுல வர்றவரைக்கும் காத்திருந்து, மொதலாளி அவரப் பக்கத்துல குனியச் சொன்னாரு.

"இது எதுலய்யா செய்யிறது?"

செல்வராசுக்கு ஒளிவு மறைவே இல்ல. "எல்லாக் குப்பையும்தாங்க. மருந்து கேனு, ஒடஞ்ச கொடம், பக்கெட்டு, பிஞ்ச செருப்பு. எல்லாத்தையும் உருக்கி, மிசின்ல காத்து ஊதி இழுத்தா கவர். அழுக்கு தெரியக் கூடாதுன்னுதான் கலர் போடுறாங்க."

"அங்கயும் ஊதுறாங்களா?"ன்னேன் நான். யாரும் சிரிக்கல.

மாஸ்டர் அப்புடியே சாக்கு மேல உக்காந்துட்டாரு. "செருப்புலயாடா என் சாம்பார கட்டிக் குடுத்த?"ன்னாரு. சும்மா இல்ல, கண்ணுல தண்ணி. சாம்பாருக்கு அவ்வளவு மரியாத குடுத்த மனுசன்.

மறுநாள்ல இருந்து மொதலாளி ஒரு ஏற்பாடு பண்ணாரு. வூட்டுல இருந்து ஏனம், அதான் பாத்திரம், கொண்டாந்தா ஒரு கரண்டி சாம்பாரு கூடுதல். இல்லாதவங்களுக்கு வெள்ளக் கவர், அதுலயும் சாம்பாரு கொஞ்சம் ஆறுனப்புறம்தான் ஊத்தணும். ரெண்டாவது வாரமே ஒரு அம்மா கொடத்தத் தூக்கிட்டு வந்துருச்சு. ரெண்டு இட்லிக்குக் கொடம். "ஏனம்னுதான சொன்னீங்க, எவ்வளவு பெருசுன்னு சொன்னீங்களா?"ன்னு சண்ட. மொதலாளி பதில் சொன்னாரு, அதுக்குக் கேக்கல. கலர்க் கவருங்க பரண்லயே கெடந்து, வெங்காயத் தொலி அள்ளிக் கொட்டத்தான் ஆச்சு. பின்னாடி இந்த மாதிரிக் கவர்ல திங்கிற சாமான் குடுக்கக் கூடாதுன்னு சர்க்கார்லயே சொன்னாங்களாம். கேஷியர்தான் சொல்றாரு, எனக்குத் தெரியாது. எனக்கு அப்ப வேற கவல.

டீச்சர் முன்னாடி சோதன முடிஞ்சதுமே நான் வெங்காயக்காரரப் புடிச்சேன். "மாமா, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மாப்ள"ன்னாரு. தம்பி போயி மாப்ள வந்துருச்சு. ஆனா மூட்டைய எறக்கிட்டுத் தலையச் சொறிஞ்சாரு. "எனக்குப் புரிஞ்சுருச்சு. பொண்ணுக்கு யாரு புரிய வைக்கிறது? நான் சொன்னா, மூட்ட தூக்க ஆள் கெடைச்சதுக்காகப் பேசுறேன்னு சொல்லும். நீங்களே வந்து சொல்லிடுங்க."

அந்த ஞாயித்துக்கெழமை குரும்பலூர் போனேன். செவப்புக் கவர் ஒண்ணு, பிளாஸ்குல வெந்நி, டீச்சர்கிட்ட கெஞ்சி வாங்குன தூக்கு. பொண்ணு பாக்கப் போறவன் பூவும் பழமும் கொண்டு போவான். நான் சோதன சாமான் கொண்டு போனேன். கூடத்துல பாய விரிச்சு, பெரியவங்க நாலு பேரு உக்காந்திருந்தாங்க. மாத்துன தட்டும் ஓரமா ரெடியா இருந்துச்சு. டீச்சர் சொன்னத எல்லாம் வரிசையாச் சொன்னேன். டீத்தூள்ல ஆரம்பிச்சேன், செருப்பு வரைக்கும் வந்தேன். பதட்டத்துல எது கவர்த் தண்ணி, எது தூக்குத் தண்ணின்னு கொழம்பி, அவங்க பெரியப்பாகிட்ட மாத்திக் குடுத்துட்டேன். அவரு மோந்துட்டு, "தூக்குதானப்பா நாறுது"ன்னாரு. போச்சுடான்னு ஆயிருச்சு.

தனலட்சுமி கதவு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. உள்ளார இருந்தபடியே, "ரோஸ் கலர்ல இருக்கிறதுதான் பெரியப்பா கவர்த் தண்ணி"ன்னுச்சு. அப்புறம் வெளிய வந்துச்சு. "கவரு நாறுனது சரி. அதுக்காக இவரு வாய் நாறாதுன்னு ஆயிருமா? அது ரெண்டும் தனித் தனி."

இப்புடி ஒரு ஞாயத்த மொதலாளியும் கேக்கல, மாஸ்டரும் கேக்கல.

"ஊதச் சொல்லுங்க"ன்னுச்சு.

"ஏய், பெரியவங்க இருக்காங்க"ன்னாரு ராமலிங்கம் மாமா.

"நான்தானப்பா கட்டிக்கப் போறேன், பெரியவங்களா?"

எந்திரிச்சு நின்னேன். நாலு பெரியவங்க, தட்டு, பிளாஸ்கு எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க, ஊதுனேன். அந்தப் பொண்ணு மொகத்தத் திருப்பிக்கிட்டு ரெண்டடி பின்னால போயிருச்சு.

"என்னது இது?"ன்னுச்சு.

"கசாயங்க. நாத்தம் போறதுக்காக."

"எத்தன நாளா குடிக்கிறீங்க?"

"நாத்தம்னு சொன்னதுல இருந்து."

மொகத்தப் பொத்திக்கிட்டுத் திரும்பி நின்னுச்சு. தோளு குலுங்குச்சு. அழுவுதோன்னு பயந்துட்டேன், சிரிச்சுருக்கு. "அத நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்கப்பா. தட்டு அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு உள்ளார போயிருச்சு.

ஒரு வாரம் கழிச்சுப் போனேன். பாய் விரிக்கல, பெரியவங்களும் இல்ல. ஓரத்துல இருந்த தட்டையும் காணோம், உள்ளார எடுத்து வச்சுட்டாங்க போல. யாரும் ஊதச் சொல்லல. தனலட்சுமியே காப்பி கொண்டாந்து குடுத்துச்சு, விளிம்பு வரைக்கும், கொதிக்கக் கொதிக்க. வாய் வைக்க முடியல. நான் ஊதி ஊதிக் குடிச்சேன். அது எதிர்க்க உக்காந்து, எந்திரிக்காம, குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துச்சு.